புளியங்கொட்டைக்கு வந்த வழக்கு

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதலில் வீட்டுக்குப் போகும் குறுகிய ஒழுங்கைக்கு வெள்ளைக்கொடி வரும். பிறகு வாடகைக் கதிரைகள் வரும். அதற்கும் பிறகு யாராவது ஒருவர் சட்டைப்பையில் சீட்டுக்கட்டோடு வருவார். செபமாலை முடிந்ததும் வாசலில் மேசை போடுவார்கள். நான்கு பேர் உட்கார்ந்து விளையாட, எட்டுப் பேர் பின்னால் நின்று குறை சொல்லுவார்கள். உள்ளே குசினிப் பக்கம் பெண்களுக்கு இன்னொரு மேசை. அடக்கம் நடக்கும்வரை அந்த மேசைகள் கலையாது. செத்தவரையும் அந்த வீட்டுக்காரரையும் தனியே விட்டுவிட்டு ஊர் நித்திரைக்குப் போகக்கூடாது என்பதற்காக வந்த வழக்கம். விளையாட்டின் பெயர் முந்நூற்று நாலு.

அங்கே ஓர் ஒழுங்கையில் வளர்ந்த ரொஷேல் அதை எப்போது பழகினாள் என்பது அவளுக்கே ஞாபகமில்லை. பௌதிகவியலில் பட்டம் எடுத்தவள். வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் வகுப்பில் கணிதம் படிப்பிக்கிறாள். வாய் திறக்கக் கூச்சம்; பிள்ளைகளோடு கதைப்பதைவிட வைற்போர்ட்டோடு கதைப்பதுதான் கூட. சீட்டு மேசையில் மட்டும் அவள் வேறு ஆள். அங்கே வாய் தேவையில்லை. எதிரே இருக்கும் கூட்டாளி எந்தச் சீட்டை இறக்குகிறார், எதை இறக்காமல் வைத்திருக்கிறார் என்று பார்த்தாலே போதும். அந்த அமைதியான கணக்கு அவளுக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் அதைப் போனில் விளையாடும் கேமாக எழுதத் தொடங்கினாள்.

எழுதியது அவள், படம் வரைந்தது இப்ஹாம். வெள்ளவத்தையில், டியூஷன் வகுப்புக்குக் கீழ்மாடியில் இருந்த அச்சகத்தில் அவன் வேலை. கல்யாணக் காட், மரண அறிவித்தல், ஒழுங்கை முகப்பில் கட்டும் பெரிய கண்ணீர் அஞ்சலிப் பதாகை, எல்லாவற்றுக்கும் வடிவமைப்பு அவன்தான். அவன் முஸ்லிம்; அவனுடைய ஆட்கள் செத்தவரின் மையத்தை அன்றைக்கே அடக்கிவிடுவார்கள். அதனால் செத்தவீட்டில் சீட்டாடுவது அவனுக்குப் புதினம். பதாகை கொடுக்கப் போகும் வீடுகளிலெல்லாம் ஒரு மூலையில் நின்று பார்ப்பான். வெள்ளைச் சீலை விரித்த மேசை, கதவுக்கு உள்ளே தெரியும் சவப்பெட்டி, மெழுகுதிரி, பிளேன்ரீக் கோப்பைகள், கிறீம் கிறாக்கர் தட்டு என்று கண்ணில் பட்டதையெல்லாம் அப்படியே கேமுக்குள் கொண்டுவந்தான். ரொஷேல் முதன்முதல் அந்தப் படத்தைப் பார்த்தபோது, ஒழுங்கையில் தனக்குத் தெரிந்த ஒரு வீட்டு வாசலில் நிற்பதுபோல இருந்தது.

கேம் முடிந்தது. இனி அது உலகத்துக்குப் போக வேண்டும். போனில் ஒரு கேம் ஏறுவதென்றால் ஸ்ரோர் என்ற இணையக் கடை வழியாகத்தான் ஏற வேண்டும். உலகத்துப் போன்களுக்கெல்லாம் அப்படிப் பெரிய கதவுகள் இரண்டுதான். ஒன்றைத் தட்டுவதற்கே விலை கூடிய வேறு கம்பியூட்டர் வேண்டும். மற்றதைத் தட்டினார்கள்.

பதில் வந்தது. உங்கள் கேம் சூதாட்டம் பற்றிய விதிக்கு அமையவில்லை, திருத்தி மீண்டும் அனுப்பவும். அவ்வளவுதான். எது சூது, எங்கே சூது என்று ஒரு சொல்லும் இல்லை.

“சூதா?” இப்ஹாம் அச்சு மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டான். “எங்கட கேம்லயா? அஞ்சு சதம் இல்லயே அதுல.”

“புளியங்கொட்டை,” என்றாள் ரொஷேல்.

“புளியங்கொட்டைக்கு என்ன?”

“அதைத்தான் காசுக்குப் பதிலா வச்சு விளையாடுற சில்லு எண்டு நினைச்சிருப்பினம்.”

முந்நூற்று நாலில் வெற்றி தோல்வியைக் கணக்குப் பார்ப்பது புளியங்கொட்டையில்தான். தோற்ற பக்கம் வென்ற பக்கத்துக்குக் கொட்டை கொடுக்க வேண்டும். கையில் கொட்டை முடிந்தவர் தோற்றவர். ஆட்டம் முடிந்தால் அந்தக் கொட்டைகளை ஒருவரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. விடிய வாசல் கூட்டுகிறவர் குப்பையோடு அள்ளிவிடுவார். இதையெல்லாம் எங்கோ ஒரு நாட்டில் இருந்து கேமைப் பரிசோதிக்கிறவருக்கு யார் சொல்லுவது?

கொட்டையை எடுத்தார்கள். அதன் இடத்தில் வெறும் புள்ளிக் கணக்கு வந்தது. திருப்பி அனுப்பினார்கள். அதே கடிதம், அதே வசனம்.

“அப்ப கேள்வி,” என்றாள் ரொஷேல். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் இத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஏற்றி ஏற்றிக் கேட்பதுதான் கேள்வி; அது முந்நூற்று நாலின் உயிர். அதைப் பந்தயம் என்று நினைத்திருக்கலாம். அதையும் எடுத்தார்கள். மூன்றாம் முறையும் அதே கடிதம் வந்தது. இந்த முறை அடியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: இன்னொரு தடவை விதியை மீறினால் உங்கள் கணக்கு மூடப்படலாம். கணக்கு மூடினால் அந்தக் கேம் மட்டுமல்ல, அவர்கள் இனிச் செய்யப்போகும் எதுவும் அந்தக் கதவால் போகாது.

ஸ்ரோர் விடாவிட்டால் என்ன, வட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று இப்ஹாம் சொன்னான். ஒழுங்கையில் சிலருக்கு அனுப்பிப் பார்த்தார்கள். முதல் முறைப்பாடு ரொஷேலின் தாய் கொன்ஸ்ரன்ஸிடமிருந்து வந்தது.

“மகள், உன்ர கேமைப் போட்டா போன் பழுதாகுமாம். போனே சொல்லுது.”

“ஸ்ரோரால வராத எல்லாத்துக்கும் அது அப்பிடித்தான் சொல்லும், அம்மா.”

“பிறகேன் ஸ்ரோரால வரேல்ல? நல்ல பிள்ளையெண்டா முன்வாசலால எல்லோ வரும்.”

ரொஷேலுக்குச் சுருக்கென்றது. தாய் பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் ஒழுங்கை முழுக்க அதைத்தான் நினைத்திருக்கும். போன் வேண்டாம் என்று சொல்வதை யார் போடுவார்கள்? அனுப்பியவர்களில் பாதிப்பேர் எச்சரிக்கையைக் கண்டதும் அழித்துவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுச் சவுந்தரநாயகம் அங்கிள் அழிக்கவில்லை. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு எடுத்தவர். ஒழுங்கையில் சீட்டு மேசையில் அவருக்கு எதிராக உட்காரப் பலர் யோசிப்பார்கள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, போனை மூக்கடியில் பிடித்துக்கொண்டு மதில் ஓரம் வந்தார்.

“பிள்ளை, இதென்ன விளையாட்டு?”

“முந்நூற்று நாலு, அங்கிள்.”

“கேள்வியும் இல்ல, கொட்டையும் இல்ல. இதை முந்நூற்று நாலு எண்டு ஆர் சொன்னது? பல்லுக் கழட்டின நாய் இது. குலைக்கவும் தெரியேல்ல.”

“ஸ்ரோர்ல விடுறாங்களில்ல, அங்கிள். அதால எடுத்தனாங்கள்.”

“அவங்கள் விட்டாலும் இதை நான் விளையாடன்,” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அந்தக் கிழமைதான் சிங்கப்பூரிலிருந்து ஒரு கொம்பனியின் ஈமெயில் வந்தது. கேம் எழுதுகிறவர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் ரொஷேல் போட்ட கேள்வியை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். உங்கள் கேமை எங்களுடைய கணக்கில் நாங்கள் வெளியிடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள். புளியங்கொட்டைக்குப் பதிலாகத் தங்கக்காசு வரும். காசு முடிந்தவர் கடன் அட்டையால் மேலும் காசு வாங்கிக்கொள்ளலாம். இதற்கு வேண்டிய அனுமதிகள் எங்களிடம் உண்டு, ஸ்ரோர் மறுக்காது. பின்னணியில் உள்ள துக்கமான வீட்டை எடுத்துவிட்டு ஒரு கடற்கரை ஹோட்டல் வைப்போம். உங்கள் இருவரின் பெயரும் நன்றிப் பக்கத்தில் வரும்.

ரொஷேல் அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு ஸ்ரோரின் முன்பக்கத்தைத் திறந்தாள். சுற்றிச் சுற்றித் தங்கக்காசு கொட்டும் மெஷின் கேம்கள் வரிசையாக மின்னின. எல்லாம் பெரிய கொம்பனிகள். காசு போட்டு விளையாடினால் அனுமதி உண்டு; குப்பையில் போடும் கொட்டையை வைத்து விளையாடினால் சூது. கணிதம் படிப்பிக்கிறவளுக்கு இந்தச் சமன்பாடு பிடிபடவில்லை.

“என்ன செய்வம்?” என்று கேட்டான் இப்ஹாம். “எனக்கும் விருப்பமில்லதான். ஆனா செல்லுங்க பாப்பம், நாங்க ரெண்டு பேர். அவங்கட்ட வக்கீல்மாரே ஒரு பஸ் நிறைய ஈப்பாங்க.”

செத்தவீட்டு மேசையில் தங்கக்காசு குவிந்து கிடப்பதை ரொஷேல் மனதில் பார்த்தாள். அப்படி ஒரு மேசையை ஒழுங்கையில் யாராவது கண்டால் அந்த இடத்திலேயே கவிழ்த்துவிடுவார்கள். தான் செய்த கேம், தான் செய்தபடி, தன் பெயரில் போக வேண்டும். இல்லாவிட்டால் போகவே வேண்டாம். அது அவளுக்கு அப்போதுதான் தெளிவானது.

“கடிதத்துக்கு அடியில ஒரு பட்டன் இருக்கு,” என்றாள் கடைசியில். “பரிசோதிக்கிற ஆளோட நேர கதைக்கலாமாம். வீடியோவில.”

“அது முதல் கடிதத்திலயே ஈந்திச்சே.”

“ஓம்.”

“அப்ப ஏன் இவ்வளவு நாளும் அமத்தல்ல?”

அவள் கீழே பார்த்தாள். இப்ஹாமுக்கு விளங்கிவிட்டது. “பஸ்ல இறங்குற இடத்தில பெல் அடிக்க வெக்கப்பட்டு, ரெண்டு ஹோல்ட் தள்ளி இறங்கி நடந்து வாற ஆளாச்சே நீங்க. இங்கிலீஸ்ல, முகத்தைப் பாத்து, சண்டை பிடிக்கப் போறீங்களா?”

“சண்டை இல்ல. ஒரு கேள்வி மட்டும்,” என்று சொல்லிவிட்டு, அவன் இன்னும் ஏதாவது சொல்லுமுன் பட்டனை அமத்தினாள்.

அவர்களுக்குக் கிடைத்த நேரம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். ரொஷேலின் வீட்டு முன்னறையில் லப்டொப்பை வைத்தார்கள். இப்ஹாம் கமெராவில் விழாமல் கதவோரம் கதிரை போட்டான். கொன்ஸ்ரன்ஸ் குக்கர் விசிலடிக்காமல் அடுப்பை அணைத்துவிட்டு, கேட்காத மாதிரிக் கேட்டுக்கொண்டு குசினியில் நின்றாள்.

திரையில் ஒரு நடுவயதுப் பெண் வந்தாள். பெயரைச் சொல்ல அனுமதியில்லை என்றாள். குரல் மரியாதையாக இருந்தது. விதியை மறுபடியும் வாசித்தாள்.

ரொஷேல் முதல் நாள் முழுக்க மனதில் எழுதி வைத்திருந்த ஒரே வசனத்தை இங்கிலீஸில் சொன்னாள். “விதி எனக்குத் தெரியும். எந்தப் படத்தில் அதை மீறினோம் என்று காட்டுங்கள்.”

பொதுவாக அப்படிக் காட்டுவதில்லை என்றாள் அந்தப் பெண்.

ரொஷேல் பேசாமல் இருந்தாள். வேறு யாருமென்றால் இங்கே அவசரப்பட்டு ஏதாவது சொல்லியிருப்பார்கள். அவளுக்குப் பேசாமல் இருப்பது கஷ்டமில்லை. கையில் நல்ல சீட்டை வைத்துக்கொண்டு எதிராளி இறக்கும்வரை காத்திருப்பவள் போல இருந்தாள். அந்தப் பெண் எதையோ தேடினாள். பிறகு திரையில் கேமின் படம் ஒன்று வந்தது. நடுவில் சிவப்பு வட்டம்.

வட்டம் புளியங்கொட்டையைச் சுற்றி இல்லை. கேள்வி கேட்கும் இடத்தையும் சுற்றி இல்லை. சீட்டு மேசைக்குப் பக்கத்தில், கதவோரம், ஒரு கண்ணாடிப் பெட்டி. பூட்டுப் போட்டது. மேலே ஒரு துவாரம். உள்ளே ரூபாய் நோட்டுகள். ஒரு நோட்டின் நுனி துவாரத்தால் வெளியே நீட்டிக்கொண்டும் இருந்தது.

அது மரண உதவிச் சங்கத்துப் பெட்டி. ஒழுங்கையில் எந்தச் செத்தவீட்டிலும் அது வந்து வாசலோரம் நிற்கும். வருகிறவர்கள் இயன்றதைப் போடுவார்கள். அது சவப்பெட்டிச் செலவுக்கும் அடக்கச் செலவுக்கும் போகும். இப்ஹாம் கண்டதைக் கண்டபடி வரைந்திருந்தான். ரொஷேல் அந்தப் படத்தை நூற்றுக்கணக்கான தடவை பார்த்திருந்தாள். செத்தவீட்டில் பெட்டி நிற்பது, வீட்டில் சுவர் நிற்பது மாதிரி. அவள் கண்ணில் அது படவே இல்லை. கொட்டையைப் பிடுங்கினார்கள், கேள்வியைப் பிடுங்கினார்கள். பெட்டி மட்டும் மூன்று தடவையும் அப்படியே போய் வந்திருக்கிறது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. கதவோரம் இப்ஹாம் தலையில் கை வைத்தான். பிறகு விரலால் வெட்டுவதுபோலச் சைகை காட்டினான். எடுத்துவிடுவம், ஒரு நிமிசத்து வேலை.

“அந்தப் பெட்டியை நீக்கினால் அனுமதி கிடைக்கலாம்,” என்று திரையிலிருந்த பெண்ணும் சொன்னாள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள். பிறகு ஒரு வசனம் சேர்த்தாள். “சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பந்தயப் பணம். பார்ப்பவர்களுக்கு எப்படியிருக்கும் என்று உங்களுக்கு விளங்குந்தானே.”

ரொஷேலின் சிரிப்பு நின்றது. சரி, நீக்குகிறோம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சொல் வரவில்லை. இப்போது நீக்கினால், அந்தப் பெண் நினைத்தது சரியென்று ஆகிவிடும். தன் ஒழுங்கை மனிதர்கள் பிணத்துக்குப் பக்கத்தில் பந்தயம் கட்டுகிறவர்கள் என்று ஆகிவிடும்.

“அது பந்தயப் பணம் இல்லை,” என்றாள். தொடங்கிய பிறகு நிறுத்தத் தெரியவில்லை. அந்தப் பெட்டி யாருடையது, அதில் போடுவது எங்கே போகிறது, மேசையில் இருப்பவர்கள் ஏன் விளையாடுகிறார்கள், யார் தனியே இருக்கக்கூடாது என்பதற்காக விளையாடுகிறார்கள் என்றெல்லாம் சொன்னாள். அந்த மேசையில் ஒரு ரூபாய் வைத்தாலும் மேசையைக் கவிழ்த்துவிடுவார்கள் என்று சொன்னாள். “உங்கள் முன்பக்கத்தில் இருக்கும் கேம்களில் போகும் பணம் கொம்பனிக்குப் போகிறது. இந்தப் படத்தில் இருக்கும் பணம் ஒரு மனிதரை அடக்கம் செய்யப் போகிறது. நீங்கள் வெளியே நிறுத்தியிருப்பது இதை.” இங்கிலீஸ் இடையிடையே தடுக்கியது. குரல் தடுக்கவில்லை.

“இது உண்மையான வழக்கம் என்று காட்ட ஏதாவது இருக்கிறதா? இருந்தால் கேமோடு சேர்த்து அனுப்புங்கள். நான் மேலிடத்தில் வைக்கிறேன்,” என்றாள் அந்தப் பெண். “வாக்குறுதி தர முடியாது.”

“இருக்கிறது,” என்றாள் ரொஷேல். எங்கே இருக்கிறது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

திரை அணைந்ததும் குசினியிலிருந்து கொன்ஸ்ரன்ஸ் எட்டிப் பார்த்தாள். “ஆர் மகள் கதைச்சது? நீயா?”

செத்தவீட்டில் படம் எடுப்பவர்கள் சவப்பெட்டியையும் மாலைகளையும்தான் எடுப்பார்கள். வாசலில் சீட்டு மேசையை எடுப்பது அரிது. யாரிடம் இருக்கும் என்று ரொஷேல் யோசித்துப் பார்த்தாள். ஒரு பெயர்தான் வந்தது. அந்தப் பின்னேரமே பக்கத்து வீட்டுக் கேற்றடியில் போய் நின்றாள்.

“அங்கிள், லவினா அன்ரியின்ட செத்தவீட்டுப் படம் வச்சிருக்கிறீங்களோ?” என்று கேட்டு, காரணத்தையும் சொன்னாள்.

சவுந்தரநாயகத்தின் மனைவி லவினா செத்துச் சில வருடங்கள். அவர் சட்டென்று திரும்பி உள்ளே போனார். கோபித்துவிட்டார் என்று அவள் திரும்பிப் போகப் பார்க்கையில் போனோடு வந்தார். மகன் எடுத்த படமாம். வாசலில் மேசை, நான்கு பேர் கையில் சீட்டு, கதவோரம் சங்கத்துப் பெட்டி. பின்னால் வெள்ளைச் சேட்டோடு அவர் நின்றார்.

“அண்டைக்கு நான் விளையாடேல்ல,” என்றார். “பின்னால நிண்டு பாத்தனான். கிளின்ரன் மடையன் எல்லாத்துக்கும் பெரிய ஜாக்கைக் கையில வச்சுக்கொண்டு ஒன்பதை இறக்கினான். அவனை ஏசிப் பேசினனான். பேசேக்க ரெண்டு நிமிசம் மற்றதெல்லாம் மறந்துபோச்சு.”

ரொஷேல் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அனுப்பு, பிள்ளை. அவள் இருந்தா என்னையும் முந்தி அனுப்பியிருப்பாள். ஆனா ஒண்டு. கேள்வியும் கொட்டையும் திரும்பி வரவேணும்.”

“வரும், அங்கிள்.”

புளியங்கொட்டையையும் கேள்வியையும் திருப்பி வைத்தார்கள். பெட்டியை, துவாரத்தால் நீட்டிய நோட்டு நுனி வரை, அப்படியே விட்டார்கள். படத்தையும், அதன் கீழ் ஒரு பக்க விளக்கத்தையும் சேர்த்தார்கள். சிங்கப்பூர்க் கொம்பனிக்கு ரொஷேல் இரண்டு வரியில் நன்றி சொல்லி, வேண்டாம் என்று எழுதினாள்.

“மாட்டமெண்டு செல்லிட்டாங்கன்டா எக்கவுண்டே போயிரும்,” என்றான் இப்ஹாம். சொல்லிக்கொண்டே அனுப்பும் பட்டன்மேல் விரலை வைத்தான்.

“ஓம்.”

“போனா நான் பதாகை அடிக்கிறன். நீங்க கணக்குப் படிப்பியுங்க.” அமத்தினான்.

பதில் வரத் தாமதமானது. ரொஷேல் போனைப் பார்ப்பதை நிறுத்தி, திரிகோண கணிதத்தில் தலையைக் கொடுத்தாள். ஒரு நாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கையில் படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. இப்ஹாம் கையில் அச்சு மையோடு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரலாமா என்று கேட்க மறந்து, போனை நீட்டினான்.

அனுமதி. ஒரேயொரு நிபந்தனை: இந்தக் கேமில் உண்மைப் பணம் இல்லை, படத்தில் உள்ள பெட்டி இறந்தவரின் குடும்பத்துக்கு ஊரார் தரும் உதவி என்று, கேமைத் திறந்ததும் வரும் விளக்கத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அதை அந்தப் பெண்ணே எழுதியும் வைத்திருந்தாள். சேர்க்க மாட்டோம் என்று யார் சொல்லப்போகிறார்கள்? இப்ஹாம் அதைச் சேர்த்து, கேமை ஸ்ரோரில் ஏற்றிவிட்டுத்தான் படியேறியிருந்தான். இனி அந்தக் கேமைத் திறக்கும் எவரும், எந்த நாட்டில் இருந்தாலும், மரண உதவிச் சங்கம் என்றால் என்னவென்று வாசித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

ரொஷேல் ஸ்ரோரில் கேமின் பக்கத்தைக் கீழே தள்ளினாள். கேமைச் செய்தவர் யார், எந்த ஊர் என்று ஸ்ரோர் ஒவ்வொரு கேமுக்கும் அடியில் போடும். அங்கே அவளுடைய பெயரும் இப்ஹாமின் பெயரும், அதன் கீழே அவளுடைய ஒழுங்கையின் பெயரும் இருந்தன. கொழும்பு 13. அவள் அந்த முகவரியை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள்.

முன்வரிசை வாங்கிலில் இருந்த பெட்டை எட்டிப் பார்த்துவிட்டாள். “மிஸ், இதில இருக்கிறது உங்கட பேரா?”

வகுப்பு முழுக்க நிமிர்ந்தது. ரொஷேல் வைற்போர்ட் பக்கம் திரும்பவில்லை.

“ஓம்,” என்றாள். “என்ர கேம். நான்தான் செய்தனான்.”

“படம் நான்,” என்றான் இப்ஹாம் வாசலில் நின்றபடி.

“படம் இவர்,” என்றாள் ரொஷேல். “எல்லாரும் போனை எடுங்கோ. முந்நூற்று நாலு தெரியாத ஆக்கள் ஆர் இருக்கிறீங்கள்? கையை உயர்த்துங்கோ. இண்டைக்குத் திரிகோண கணிதம் இல்ல.”